தாமிரம் வாங்கியவரின் பொறுப்பு

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மின்கம்பி முதல் கைப்பேசி வரை தாமிரம் இல்லாமல் நமக்கு ஒரு நாளும் கழியாது. அதை வாங்கிக்கொண்டே, உருக்கித் தரும் நிறுவனத்தைக் குற்றம் சொல்வது முறையா? சூழல் கேட்டுக்கு நுகர்வோராகிய நாம்தானே முதல் பொறுப்பாளிகள்?

ர.

அன்புள்ள ர.,

நுகர்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் பொறுப்பு, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவரையே சேரும்.

1994-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடையின்மைச் சான்று வழங்கியபோது, ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் அமைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. நிறுவனம் கேட்டுக்கொண்டதும் வாரியம் அதை 25 மீட்டராகக் குறைத்தது. இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவுதான் நீளம். உருக்காலைக்கும் அருகிலுள்ள குடியிருப்புகளுக்கும் இடையே அத்தனை மரம் போதும் என்று தீர்மானித்தவர்களில் கம்பி வாங்கியவர் எவரும் இல்லை.

2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலை மாசுபடுத்தியதற்காகவும், வாரியத்தின் இசைவாணை புதுப்பிக்கப்படாமலே நெடுநாள் இயங்கியதற்காகவும் அந்நிறுவனம் 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. ஆலையை மூடச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை அதே தீர்ப்பில் நீக்கவும் செய்தது. குற்றம் மெய்ப்பட்ட பிறகும் ஆலை ஓடியது.

அரசியலுக்கு இதில் என்ன பங்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமான வேதாந்தா அப்போது லண்டனில் பதிவான நிறுவனம். அதன் குழும நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதன்மூலம் காங்கிரஸ், பாஜக ஆகிய இரு கட்சிகளுமே, வெளிநாட்டுப் பணத்தைக் கட்சிகள் பெறத் தடை விதிக்கும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. நடவடிக்கை எடுக்க வேண்டிய அரசு, 2016-இல் நிதிச் சட்டத்தின் வழியாக வெளிநாட்டு நிறுவனம் என்பதற்கான வரையறையையே பின்தேதியிட்டு மாற்றியது. அது 2010-க்கு முந்தைய நன்கொடைகளைக் காக்கவில்லை என்பதால், 2018 மார்ச்சில் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறிய நிதி மசோதா அந்தத் தேதியை 1976 வரை பின்னுக்குக் கொண்டுசென்றது. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொள்ளும் இரு கட்சிகளுக்கும் இந்த ஒன்றில் பாதுகாப்பு கிடைத்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அந்த நாட்களில்தான் ஆலைக்கு அருகிலுள்ள அ. குமரெட்டியாபுரம் என்ற ஊரின் மக்கள் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து அமர்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் தாமிரக் கம்பி வழியாகத்தான் விளக்கு எரிந்தது. போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற மக்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில், மறுநாளையும் சேர்த்து, 13 பேர் கொல்லப்பட்டார்கள். கம்பியைப் பயன்படுத்துகிறவர் என்பதால் அவர்களுடைய கேள்வி செல்லாது என்று உங்களாலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

கொடுத்தவர் பெயர் வெளியாகாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024-இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்து, விவரங்களை வெளியிடச் சொன்ன பிறகே, வேதாந்தா வாங்கிய 375 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பத்திரங்கள் எந்தெந்தக் கட்சிகளுக்குப் போயின என்பது வெளியே தெரிந்தது. அதுவரை எந்தக் கடையில் எவ்வளவு கவனமாக விசாரித்துக் கம்பி வாங்கியிருந்தாலும், நீங்களோ நானோ அதை அறிந்திருக்க வழியே இல்லை.