மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, மரபணுக் கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐந்து வருடங்களுக்கு முன் 12.5 இருந்த ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கிவிட்டது. இரண்டு மாதமாகக் காலை, இரவு இரண்டு வேளையும் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன். 9.4-தான் வந்திருக்கிறது, வயிற்றெரிச்சல் வேறு. இரும்பை உறிஞ்சும் மரபணு குடலில் வேலை செய்யவில்லையோ என்கிறார் தோழி. மரபணுப் பரிசோதனை செய்யட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மரபணு பழுதாக இருப்பது வேறு, அதே மரபணு கூடவோ குறையவோ இயங்குவது வேறு. உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்குள்ள செல்களில் இரும்பை உள்ளே இழுக்க ஒரு புரதம், இரத்தத்துக்கு அனுப்ப ஃபெரோபோர்ட்டின் என்ற இன்னொரு புரதம். உடலில் இரும்பு குறைந்தால் ஹிஃப்-2 ஆல்ஃபா என்ற புரதம் அந்தச் செல்களில் சேர்ந்து, இந்த இரண்டுக்குமான மரபணுக்களை முடுக்கிவிடும். 9-ல் இருக்கும் உங்கள் குடலில் அவை மும்முரமாகவே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஏன் ஏறவில்லை? கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம். அது ஃபெரோபோர்ட்டினை அழித்துவிடும். செல்லுக்குள் வந்த இரும்பு வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். குடல் செல்லின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள்தான், உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடும். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. அதனால்தான் உள்ளே விடும் வாசலிலேயே இவ்வளவு காவல்.

ஒரு மாத்திரை போட்டாலே சில மணி நேரத்தில் ஹெப்சிடின் கூடி, மறுநாள் வரை அப்படியே இருக்கும். காலையில் போட்டதே இரவு மாத்திரையை ஓரளவு தடுத்துவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் மட்டும் போட்டால், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு சேர்வதாக, இரும்புக் குறைபாடுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எரிச்சலும் குறையலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாத்திரையோடு டீ, காபி, கால்சியம் மாத்திரை வேண்டாம்.

தொற்று, மூட்டழற்சி போன்றவை இருந்தாலும் ஹெப்சிடின் கூடும். அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினோடு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் செய்யுங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

நான் முதலில் கேட்கும் கேள்வி, இரத்தம் எங்கே போகிறது என்பதுதான். மாதவிடாய் அதிகமா? அல்சர், மூலம் இருக்கிறதா? அடுத்து சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படுவது. அதில் குடலின் உட்பரப்பே தேய்ந்துவிடுவதால் உறிஞ்ச செல்கள் போதாது. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும், அசிடிட்டிக்கு நெடுநாள் போடும் மாத்திரைகளும்கூட இரும்பு சேர்வதைக் குறைக்கும்.

பிறவியிலேயே ஹெப்சிடின் கூடியிருக்கும் ஒரு மரபணுக் கோளாறு உண்டு. டிஎம்பிஆர்எஸ்எஸ்6 என்ற மரபணுவில் வருவது. மிக அரிது, பொதுவாகச் சிறு வயதிலேயே இரத்தசோகையாகத் தெரிந்துவிடும். உங்களுக்கு முன்பு 12.5 இருந்திருக்கிறது, எனவே அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

முறையை மாற்றிய பிறகு ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது பற்றிக் கேளுங்கள், அதற்குக் குடலின் தயவு தேவையில்லை. மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. தார்போல் பிசுபிசுப்பாகப் போனாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.