வாசகர் கேள்வி – பதில்: பாட்டியின் தோட்டமும் ஒன்பதாங்கட்டையும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, இணையத்தில் நாமே வரைபடம் தயாரிப்பதைப் பற்றியவை. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என் பாட்டி பிறந்து வளர்ந்த கித்தாத் தோட்டம் (ரப்பர் தோட்டம்) இன்று முழுவதுமாக ஒரு தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, ஆகிவிட்டது. கைப்பேசி வரைபடத்தில் தோட்டத்தின் பெயர்கூட இல்லை. லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பள்ளி, கோயில் இருந்த இடங்களைக் குறித்து, பேரப்பிள்ளைகள் பார்க்கும்படி இணையத்தில் வைக்க எந்தக் கருவி ஏற்றது? இடம் எது என்று கேட்டால் பாட்டி "ஒன்பதாங்கட்டை" என்று மட்டும் சொல்கிறார். – ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யூமேப், கூகுள் மை மேப்ஸ் ஆகிய இரண்டும் இலவசம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் யூமேப்பையே பரிந்துரைப்பேன். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தின் மேல் இயங்குகிறது. அடியில் உள்ள அந்த வரைபடத்தில் ஒரு சந்தோ பள்ளியோ விடுபட்டிருந்தால் அதையும் நீங்களே சேர்த்துவிடலாம்.

ஆனால் கணினியைத் திறப்பதற்கு முன் பாட்டியின் எதிரே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். வடக்கு எது, தெற்கு எது என்று கேட்காதீர்கள். விடியற்காலையில் லயத்திலிருந்து கிளம்பி, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு எந்த வழியாகப் போனார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, வழியில் கோயில் எந்தக் கைப்பக்கம் இருந்தது என்று கேளுங்கள். ஐந்து நிமிட நடை ஏறக்குறைய 350 முதல் 400 மீட்டர் வரும். தோட்டத்து மக்களின் நினைவில் நிலம் நடையாகவே பதிந்திருக்கிறது என்பதால், அதை நடையாகவே வாங்கிக்கொள்வதுதான் சுலபம்.

ஒன்பதாங்கட்டையை அலட்சியம் செய்ய வேண்டாம். உங்களிடம் உள்ள நல்ல துப்பு அதுதான். கட்டை என்பது மைல்கல். ஒன்பது மைல் என்பது சுமார் 14.5 கிலோமீட்டர். எந்த ஊரிலிருந்து எண்ணிய கட்டை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, வரைபடத்தின் தூரம் அளக்கும் வசதியால் பழைய சாலையின் வளைவுகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி அளந்து செல்லுங்கள். நேர்க்கோட்டில் அளந்தால் ஒரு தோட்டம் தாண்டி அடுத்த தோட்டத்தில் போய் நிற்பீர்கள். சாலை பின்னாளில் நேராக்கப்பட்டிருந்தால், ஒதுங்கிக் கிடக்கும் பழைய துண்டுச் சாலையைத் தேடி அதன் வழியே அளக்க வேண்டும்.

பழைய நில அளவை வரைபடத்தின் நகல் கிடைத்தால், மேப் வார்ப்பர் போன்ற தளத்தில் அதை ஏற்றி இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தலாம். ஆற்று வளைவு, ரயில் பாலம், சாலைச் சந்திப்பு என மாறாத இடங்களாகப் பார்த்து, தாளின் நான்கு மூலைகளிலும் பரவலாகப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் குவித்தால் மறுபக்கம் இழுபட்டுக் கோணும். அந்த வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆயத்தொலைகளை அப்படியே தட்டச்சு செய்துவிடாதீர்கள். தீபகற்பத்தின் பழைய அளவைகள், இடங்களின் ஆயத்தொலைகளைக் கணக்கிட, கெர்த்தாவ் என்னும் அடிப்படையைக் கொண்டவை. கைப்பேசியின் ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறோர் அடிப்படை. மாற்றாமல் இட்டால் உங்கள் கோயில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விடும்.

கூகுள் எர்த்தின் காலச்சுருள் (டைம்லேப்ஸ்) 1984 முதலான செயற்கைக்கோள் படங்களைக் காட்டுகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் அந்தப் பழைய படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். லயங்களை அதில் எண்ணிவிட முடியாது. எனினும் கித்தாக் காடு எந்த ஆண்டில் வெட்டப்பட்டு வெறும் மண்ணாயிற்று, எப்போது கூரைகள் முளைத்தன என்பது நன்றாகவே தெரியும்.

கடைசியாக ஒன்று. உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு மட்டும் ஊசிக்குறி இடுங்கள். "பள்ளிக்கூடம் இந்தப் பக்கந்தான் எங்கேயோ" என்று பாட்டி கையை வீசிக் காட்டினால், அந்தக் கைவீச்சின் அளவுக்கு ஒரு வட்டத்தை மெல்லிய நிறத்தில் வரைந்து, யார் சொன்னது என்பதையும் எழுதி வையுங்கள். ஊசிக்குறி குத்திவிட்டால் பாட்டி சொல்லாத துல்லியத்தை வரைபடம் சொல்லிவிடும். பேரப்பிள்ளைகள் அதை அப்படியே நம்புவார்கள்.

கேள்வி: கோயில்களின் இருப்பிடங்களை அட்டவணையாக்கி வரைபடத்தில் ஏற்றினேன். ஒன்றுகூடத் தெரியவில்லை. – ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பெரும்பாலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். ஜார்ஜ்டவுன் 5.41 வடக்கு, 100.33 கிழக்கு. அட்சரேகை 90-ஐத் தாண்டாது என்பதால், 100-ஐ அந்தக் கட்டத்தில் கண்டதும் மென்பொருள் மறுத்துவிடுகிறது. கூகுள் வரைபடம் அட்சரேகையை முதலில் கேட்கும். இட விவரங்களைச் சேமிக்கும் ஜியோஜேசன் வகைக் கோப்போ தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கும். மறுப்பு வந்தது உங்கள் அதிர்ஷ்டம் என்பேன். நான் ஒருமுறை 100-க்குப் பதிலாக 103 என்று அடித்து, குயின் ஸ்திரீட் மாரியம்மனைத் திரெங்கானுக்கு அப்பால் கடலில் இறக்கிவிட்டேன். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நண்பர் ஒருவர் பார்த்துச் சிரித்த பிறகே தெரிந்தது.

கேள்வி: பொதுத்தேர்தல் முடிவுகளை வண்ணமிட்ட வரைபடத்தை வகுப்பில் காட்டினேன். மாணவர்கள், பெரிய நிறம் எதுவோ அந்தக் கட்சிதான் வென்றது என்று முடிவு கட்டிவிட்டார்கள். எப்படி விளக்குவது? – ஓர் ஆசிரியை, கோலாலம்பூர்

பதில்: மாணவர்களின் கண் பிழை செய்யவில்லை, வரைபடம்தான் நிலப்பரப்பைக் காட்டிவிட்டு வாக்கைப் பற்றிப் பேசுவதாக நடிக்கிறது. மலேசிய நாடாளுமன்றத்தின் 222 தொகுதிகளில் சரவாக்குக்கு 31, பினாங்குக்கு 13. ஆனால் நிலப்பரப்பில் சரவாக் பினாங்கைப் போல நூறு மடங்குக்கும் மேல். 11 தொகுதிகளைக் கொண்ட கோலாலம்பூரோ வெறும் 243 சதுர கிலோமீட்டர். வகுப்பறைத் திரையில் அது ஒரு பொட்டு. ஒவ்வொரு தொகுதியையும் ஒரே அளவு அறுகோணமாக வரைந்து, ஊர்கள் ஏறக்குறைய அவற்றின் திசையில் அமையுமாறு அடுக்கிக் காட்டுங்கள். மாணவர்களையே கட்டத்தாளில் அடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

மக்கள்தொகை போன்ற எண்ணிக்கைகளுக்கு வட்டங்கள் பொருந்தும். ஆனால் இரு மடங்கு எண்ணிக்கைக்கு ஆரத்தை இரு மடங்காக்கினால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பரப்பைத்தான் இரட்டிப்பாக்க வேண்டும். மாநிலத்துக்கு நிறம் தீட்டியே ஆக வேண்டுமென்றால் மொத்த எண்ணிக்கைக்குத் தீட்டாதீர்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற விகிதத்துக்குத் தீட்டுங்கள்.

கேள்வி: இணைய வரைபடத்தில் பிரிட்டன் தீவும் போர்னியோவும் ஒரே அளவாகத் தெரிகின்றனவே? – ஒரு மாணவர், கிள்ளான்

பதில்: உண்மையில் போர்னியோ மூன்றரை மடங்கு பெரியது. தட்டையான இணைய வரைபடங்கள் பலவும் 1569-இல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வகுத்த முறையின் வழிவந்தவை. அதில் பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக நிலம் ஊதிப் பெருக்கும். நாமோ பூமத்திய ரேகையை ஒட்டி வாழ்கிறோம். நமக்கு ஊதல் ஏறக்குறைய இல்லை. உருண்டையாகக் காட்டும் கூகுள் எர்த்தில் இரண்டையும் சுழற்றிப் பாருங்கள்.

கேள்வி: வரைபடத்தில் "ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்" என்றிருக்கிறது. எங்கள் அப்பா இன்றும் பிட் ஸ்திரீட் என்கிறார். எதை எழுதுவது? – ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: இரண்டையும் எழுதலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே தெருவுக்கு இன்றைய பெயர், பழைய பெயர், தமிழ்ப் பெயர் எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பிட் ஸ்திரீட் பழைய பெயருக்கான கட்டத்தில் சேரும். கிரீன் லேனும் அப்படியே. பலகையில் ஜாலான் மஸ்ஜித் நெகிரி என்றிருந்தாலும் டாக்சிக்காரரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் தமிழ்ப் பெயரைச் சேர்க்கும்போது, பிற நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்துப் படியெடுக்க வேண்டாம். அதற்கு உரிமைத் தடை உண்டு. நேரில் போய் நுழைவாயில் பலகையைப் படமெடுத்து, அதில் உள்ள எழுத்துகளை உள்ளபடியே இடுங்கள்.