ஓட்டையை அடைக்கவா, நல்ல ஆளை எடுக்கவா?

கேள்வி: டெக்ஸஸில் ஃப்ரிஸ்கோ ஊரில் இருக்கிறோம். நண்பர்கள் எட்டுப் பேரும் அமெரிக்கக் கால்பந்தில் (NFL) டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் ரசிகர்கள். ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி, வந்தாலே எங்களுக்குள் சண்டை. அணியில் எந்த இடம் பலவீனமோ அதற்குத்தான் முதல் சுற்றில் ஆள் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இருப்பதில் நல்ல ஆட்டக்காரரை எடு, இடம் எதுவானால் என்ன என்கிறார்கள் மற்றவர்கள். யார் சொல்வது சரி? அணிக்குள்ளிருந்து தகவல் தருவதாக ஒருவர் மாதம் 20 டாலர் கேட்கிறார். சேரலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சேராதீர்கள். ஒரு டாலர் கூடக் கொடுக்காதீர்கள்.

யாரை எடுக்கப் போகிறோம் என்பதை எந்த அணியும் வெளியே சொல்லாது. சொன்னால் வரிசையில் பின்னால் இருக்கும் அணி பேரம் பேசி முன்னால் வந்து அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே மார்ச், ஏப்ரலில் கசிகிற செய்திகளில் பெரும்பகுதி வேண்டுமென்றே கசியவிட்டவை. சில அணிகளிடமிருந்து வரும், பல ஆட்டக்காரர்களின் ஏஜெண்டுகளிடமிருந்து வரும். 2011க்குப் பிறகு புது ஆட்டக்காரரின் சம்பளம் ஏறக்குறைய அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே முடிவாகிவிடுகிறது. ஏஜெண்டுக்கு ஒப்பந்தத்தில் 3 சதவீதம் வரை கமிஷன். தன் பையனை மூன்று அணிகள் துரத்துகின்றன என்று அவர் ஏன் பேச்சைக் கிளப்புகிறார் என்பதை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம். அந்தப் பேச்சைத்தான் உங்களுக்கு 20 டாலருக்கு விற்கிறார்கள். இப்படி மூன்று வருடம் பணம் கட்டிய ஒருவர் தனக்கு வந்த 'ரகசியங்களை' என்னிடம் காட்டினார். அத்தனையும் முந்தின நாள் செய்தியில் வந்தவை.

யார் எந்த அணிக்குப் போவார் என்று ஊகித்து எழுதும், இலவசமாகக் கிடைக்கும் மாதிரிப் பட்டியல்களும் அப்படித்தான். ஒருவர் எழுதுவதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார், பிறகு அதுவே உண்மை ஆகிவிடும். கல்லூரி ஆட்டக்காரர் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று 2025இல் எத்தனையோ பட்டியல்கள் சொல்லின. கடைசியில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அவரை ஐந்தாம் சுற்றில், 144ஆவது ஆளாக எடுத்தது. தொலைக்காட்சிக்காக 2010 முதல் டிராஃப்டை மூன்று நாளாக இழுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தையும் ஊகத்தால் நிரப்புகிறார்கள். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லாத 21 வயதுப் பையன் அத்தனையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சரி, உங்கள் சண்டைக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் சொல்வதுதான் சரி.

டிராஃப்டில் எடுக்கும் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் நான்கு வருடம். முதல் சுற்று ஆள் என்றால், விரும்பினால் ஐந்தாவது வருடமும் அணி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லும் ஓட்டை இந்த செப்டம்பரில் சீசன் தொடங்கும்போது தெரிகிற ஓட்டை. அதை அடைப்பதற்கென்றே மார்ச்சில் ஒரு சந்தை இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த அனுபவசாலிகள் அங்கே கிடைப்பார்கள். ஏப்ரலில் எடுக்கும் ஆள் அடுத்த இரண்டு, மூன்று வருடங்களுக்கானவர். அதற்குள் இன்று பலமாக இருக்கும் இடம் காலியாகியிருக்கும்.

உங்கள் அணியின் 2020ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மார்ச்சில் பைரன் ஜோன்ஸ் மயாமிக்குப் போய்விட்டார். எதிரணியின் பந்து பிடிப்பவரைத் தடுக்கும் கார்னர்பேக் இடம் காலி. நம் பக்கம் பந்து பிடிப்பதற்கோ அமாரி கூப்பர் இருந்தார், அவருக்கு அப்போதுதான் ஐந்து வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். மைக்கேல் கேலப்பும் இருந்தார். ஆனாலும் 17ஆவது இடத்தில் இன்னொரு பந்து பிடிப்பவரான சீடீ லாம்பை எடுத்தார்கள். அன்று உங்கள் கட்சிக்காரர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் கூப்பரை பிரவுன்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள், லாம்ப் முதல் ஆள் ஆனார். 2023இல் 135 முறை பந்தைப் பிடித்து லீக்கிலேயே முதலிடம். கார்னர்பேக் ஓட்டை? இரண்டாம் சுற்றில் 51ஆவது ஆளாக டிரெவான் டிக்ஸ் வந்தார். 2021இல் எதிரணியின் பந்தை 11 முறை பறித்தார்.

இதற்கு நேர்மாறு 2017. எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மீது பாய ஆள் வேண்டும் என்று 28ஆவது இடத்தில் டாகோ சார்ல்டனை எடுத்தார்கள். மூன்றாம் சீசன் தொடக்கத்திலேயே அணி அவரை விடுவித்துவிட்டது. அவருக்கு இரண்டு இடம் பின்னால், 30ஆவது ஆளாக, அதே வேலையில் பின்னர் பெரிய நட்சத்திரமான டி.ஜே. வாட் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். தேவையை அணி சரியாகத்தான் கண்டுபிடித்தது, ஆளில்தான் தவறியது. ஓட்டை கண்ணை மறைக்கும்போது சுமாரான ஆளும் நல்ல ஆளாகத் தெரிகிறான். நான் பயப்படுவது இதற்குத்தான். இரண்டு பேர் உண்மையிலேயே சமம் என்றால் மட்டும் தேவையைப் பாருங்கள்.

குவார்ட்டர்பேக் விஷயம் மட்டும் தனி. அந்த இடத்தில் ஆள் இல்லாத அணிக்கு வேறு எந்தப் பலமும் பலம் இல்லை. அதனால் அங்கே உங்கள் கட்சி ஜெயிக்கும். இதில் பணக் கணக்கும் சேர்கிறது. தன் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு 2024இல் கவ்பாய்ஸ் கொடுத்தது வருடத்துக்குச் சராசரி 6 கோடி டாலர். 2023 டிராஃப்டில் முதல் ஆளாகப் போன குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்குக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்தே 4 கோடிக்குக் கீழ்தான். மிச்சப் பணத்தில் அணியின் மற்ற இடங்களை நிரப்பலாம். அதனால்தான் கையில் அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலி குவார்ட்டர்பேக் இருந்தும் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2017இல் 27இலிருந்து 10க்கு ஏறி வந்து பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. ஆனால் இதே பசிதான் கரோலினா பாந்தர்ஸை விழுங்கியது. அந்த யங்குக்காக அவர்கள் 9ஆவது, 61ஆவது இடங்கள், 2024இன் முதல் சுற்று வாய்ப்பு, 2025இன் இரண்டாம் சுற்று வாய்ப்பு, அதோடு பந்து பிடிப்பவரான டி.ஜே. மூர் எல்லாவற்றையும் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்த சீசனில் 2 வெற்றி, 15 தோல்வி. கொடுத்துவிட்ட 2024 வாய்ப்பு லீக்கின் முதல் இடமாகிவிட்டது, அதில் பேர்ஸ் குவார்ட்டர்பேக் காலெப் வில்லியம்ஸை எடுத்தது. கையில் குவார்ட்டர்பேக் இல்லையென்றால் தேடத்தான் வேண்டும். தேடுவதற்காக அடுத்த இரண்டு வருடத்தை அடகு வைக்கும்போது அந்த ஆளைப் பற்றி உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த டிராஃப்டுக்கு இப்படிச் செய்து பாருங்கள். மார்ச் சந்தை முடிந்ததும் எட்டுப் பேரும் தனித்தனியே ஐந்து பெயர் எழுதி வையுங்கள், இடத்தைப் பார்க்காமல், ஆட்டத்தை மட்டும் பார்த்து. கல்லூரி ஆட்டங்களின் வீடியோக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் சுற்று முடிந்த வியாழன் இரவே சண்டையை ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் காலை வரும், அணிகளின் தேர்வுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்களையும் படிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை இரண்டாம், மூன்றாம் சுற்று முடியட்டும். 2020இல் டிக்ஸ் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.