வாசகர் கேள்வி – பதில்: மழையை விரலாலும் அளக்கலாம்

கேள்வி: எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் நாள்தோறும் மழையளவைக் குறித்து வருகிறோம். பார்வையற்ற மாணவி ஒருத்தியும் மன்றத்தில் இருக்கிறாள். குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை அவளுக்கு அளித்துள்ளோம். வேறு என்ன வேலை கொடுக்கலாம்?
– ஆசிரியை, குடியாத்தம்

பதில்: தன்னால் படிக்க இயலாத குறிப்பேட்டுக்கு அவளைக் காவல் வைத்திருக்கிறீர்கள், உங்கள் நல்லெண்ணத்தில் ஐயமில்லை என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். மழையையே அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் குழாயின் கோட்டைப் பார்த்துப் படிப்பது மழையளவை அறியும் வழிகளில் ஒன்றுதான். நாம் அறிய விரும்புவது சேர்ந்த நீரின் கனஅளவை, அதைக் கைவிரலும் சொல்லும்.

உள்விட்டம் 10 செ.மீ. உள்ள புனல் ஒன்றை ஒரு குடுவையின் மேல் பொருத்தி, மரநிழலோ கூரைச் சாரலோ படாத திறந்த வெளியில் வையுங்கள். அந்தப் புனலின் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 78.5 சதுர செ.மீ. ஆகையால், 1 மி.மீ. மழைக்குக் குடுவையில் 7.85 மி.லி. நீர் சேரும். மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சை ஊசியில்லாமல் வாங்கி, அதன் இழுதண்டில் ஒவ்வொரு மி.லி.க்கும் ஒரு வெட்டு போட்டுக் கொடுத்தால், தண்டை இழுக்க இழுக்க வெளியே வரும் வெட்டுகளை அவள் நகத்தால் எண்ணிக்கொள்வாள். நான்கு முழுச் சிரிஞ்சும் மூன்று வெட்டும் என்றால் 43 மி.லி.; அதை 7.85 ஆல் வகுத்தால் சுமார் 5.5 மி.மீ. மழை. வானிலை ஆய்வுத்துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தைப் பின்பற்றினால் உங்கள் கணக்கை அதனோடு ஒப்பிட இயலும்.

அவள் எடுக்கும் அளவு சரியாக இருக்குமா என்று யாரேனும் கேட்கக்கூடும். மழை பெய்யும் நாள்களில் அவளும் பார்வையுள்ள மாணவர் ஒருவரும், ஒருவர் எண்ணை மற்றவர் அறியாதவாறு, அதே நீரைத் தனித்தனியே அளக்கட்டும். குழாயில் நீர்மட்டத்தின் வளைவைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காமல் தவறாகப் படிப்போர் நம்மில் பலர் என்பதும் அப்போது தெரிய வரும்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். ஏரிக்கரையில் நடந்து பறவை எண்ணும் குழுவினர், கடைசியில் குழுப்படம் எடுக்கும்போது வந்தால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: அந்தப் படத்துக்காக நீங்கள் போக வேண்டாம். பறவைக் கணக்கெடுப்பில் ஓரிடத்தில் அமர்ந்து எண்ணுவதும் முழு மதிப்புள்ள முறையே. ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் எண்ணி, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிகிறார்கள். வாசலோ மொட்டைமாடியோ போதுமானது. செம்போத்தின் ஊப் ஊப் ஒலியையும் குக்குறுவானின் டொக் டொக் ஒலியையும் காதால் கேட்டே பதியலாம். முழுமையான பட்டியலா என்று தளம் கேட்பது, இனங்கண்ட பறவைகளை ஒன்றுவிடாமல் சொன்னீர்களா என்பதைத்தான். அங்கிருந்த எல்லாப் பறவைகளையும் இனங்கண்டீர்களா என்பதை அன்று. ஆகவே பார்வையற்றோரும் தம் பட்டியலைத் தயக்கமின்றி முழுமையானது எனக் குறிக்கலாம். ஒரே இடத்தில் வாரந்தோறும் எண்ணினால் பருவ மாற்றம் தெளிவாகப் புலப்படும். நடந்து போகிறவர்களுக்கு இது எளிதில் வாய்ப்பதில்லை.

ஆயினும், வீட்டிலிருந்தே செய்யலாமே என்று கூறி உங்களை ஏரிக்கரையிலிருந்து விலக்க இந்தப் பதில் பயன்படக்கூடாது. அரையடிப் படிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக் கணக்கில் ஆறடிச் சாய்தளம் போதும். வண்டி செல்லும் கரையாகப் பார்த்து இடத்தைத் தேர்ந்தால் அதுவும் தேவைப்படாது. 1954இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது நம் வேலூரில்தான்.

கேள்வி: காவலூர் வான் ஆய்வகத்துக்குப் பார்வையற்றோரை அழைத்துச் செல்வதால் என்ன பயன்?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கி மீண்டது பதிவாயிற்று. யுரேனஸின் வளையங்கள் விண்மீனின் ஒளியை மறைத்ததால் நேர்ந்த இத்தகைய மங்கல்களைக் கொண்டே அவ்வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றை எவரும் கண்ணால் காணவில்லை, கருவி பதிந்த ஒளியளவின் சரிவையே கண்டார்கள். அந்த ஒளியளவை ஒலியாக மாற்றினால், சீராக ஒலிக்கும் சுருதி ஓரிடத்தில் தாழ்ந்து எழுவதைக் காது பிடித்துவிடும். பார்வையிழந்த வானியலாளர் வாண்டா டயஸ் மெர்செட் விண்வெளித் தரவுகளை இவ்வாறு ஒலியாக மாற்றிக் கேட்டே ஆராய்ச்சி செய்கிறார். எனவே அழைத்துச் செல்லுங்கள். ஆனால் குவிமாடத்தைச் சுற்றிக் காட்டியதோடு நிறுத்தாமல், தரவு ஒன்றை ஒலியாக்கிக் கொண்டு போய், எங்கே சுருதி தாழ்ந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். காது கேளாதோர் உடன் வருவதாயின், சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று எரியட்டும்; இருட்டில் சைகை தெரியாது.

கேள்வி: மரங்கள் பூக்கும் காலத்தைப் பதிவதற்கு ஒரு செயலி உருவாக்குகிறோம். எதில் கவனம் தேவை?
– மாணவர், காட்பாடி

பதில்: பேசியில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல், ஒரு வேப்பமரத்தை நீங்களே பதிந்து பாருங்கள். வரைபடத்தில் விரல் வைத்து இடத்தைக் காட்டும் கட்டத்தில் பெரும்பாலும் சிக்கிக்கொள்வீர்கள். அங்கே ஊர்ப்பெயரைச் சொல்லவோ தட்டச்சவோ வழி வையுங்கள். நிறங்களைப் பிரித்தறிய இயலாதோரும் உண்டு என்பதால், சிவப்பையும் பச்சையையும் மட்டும் கொண்டு எதையும் உணர்த்தாதீர்கள். வெளியிடும் முன் பார்வையற்றோர் இருவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, அந்த வேலைக்கு ஊதியமும் கொடுங்கள்.