ஸ்கேன் படம் இருக்கும்போது எழும்பி இருக்கச் சொல்வது ஏன்?

கொம்பனித்தெருவிலிருந்து ஓர் இராணுவ வாகனச் சாரதி எழுதியிருக்கிறார். வயது 38. இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. "இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்னைக் கதிரையிலிருந்து எழும்பி எழும்பி இருக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், குப்புறக் கிடந்து உடம்பைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தார். படத்திலேயே பழுது தெரிகிறதே, இதெல்லாம் எதற்கு? அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து நன்றாகச் செய்துகாட்டினால் கடமைக்குத் திரும்பலாமா?" என்று கேட்கிறார்.

தயவுசெய்து அப்படிச் செய்துகாட்டாதீர்கள். வலியை வெளியில் சொல்வது பலவீனம் என்று பழக்கப்பட்ட தொழில் உங்களுடையது; அது எனக்குப் புரிகிறது. ஆனால் வலியை மறைத்து நீங்கள் செய்துகாட்டியதை வைத்துத்தான் உங்களுக்கான பயிற்சிச் சுமையை இயன்மருத்துவர்களாகிய நாங்கள் கணக்கிடுவோம். தாங்க முடியாத சுமை வந்து சேரும். சில வாரங்களில் மறுபடி படுக்கையில் கிடப்பீர்கள்.

இப்போது படத்துக்கு வருகிறேன். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. நாற்பது வயதினரில் பாதிப்பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள அந்த வரி, உங்கள் வலிக்குக் காரணமாக இருக்கலாம். வயதோடு வந்த மாற்றமாகவும் இருக்கலாம். உங்களால் லொறியின் படியில் ஏற முடியுமா என்று அந்தப் படம் ஒருபோதும் சொல்லாது. அதை உடம்பிடம்தான் கேட்க வேண்டும்.

கதிரையிலிருந்து ஐந்து முறை எழும்பி இருப்பதை உங்கள் வயதில் நலமான ஒருவர் பொதுவாகப் பத்து செக்கனுக்குள் முடித்துவிடுவார். நேரத்தை விட, எழும்பும் விதத்தையே நான் கூர்ந்து பார்ப்பேன். கையைத் தொடையில் ஊன்றுகிறாரா, மூச்சை அடக்குகிறாரா, பாரத்தை ஒரு காலுக்குத் தள்ளுகிறாரா? நடையிலும் அப்படியே. நலமானவர் வேகமாக நடக்கும்போது தோளும் இடுப்பும் எதிரெதிராகத் திரும்பும். நெடுநாள் வலிக்காரர்கள் பலருக்கு இரண்டும் ஒரே கட்டையாகத் திரும்பும். முழுவதும் குனிந்த நிலையில் ஓய்ந்துவிட வேண்டிய முதுகுத் தசைகளும் அவர்களுக்கு இறுகியே இருக்கும். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பழகி, அந்தப் பழக்கத்தை விட முடியாமல் நிற்கிறது. இதைக் கண்டுபிடித்தால் மாற்றலாம் என்பதால்தான் நேரம் எடுத்துப் பார்க்கிறோம்.

கட்டிலின் விளிம்புக்கு வெளியே மேலுடம்பை நீட்டிப் பிடிக்கும் பரிசோதனை, டென்மார்க் மருத்துவர் பியரிங் சோரன்சென் 1984இல் வெளியிட்ட ஆய்வால் பரவலானது. 240 செக்கனில் நிறுத்திவிடுவோம். முதுகுத் தசை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை அது காட்டும். உங்கள் முதல் அளவு குறைவாக வந்திருந்தால் கலங்க வேண்டாம், அடுத்த மாத அளவோடு ஒப்பிடத்தான் அது தேவை.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பரிசோதனைகள் பொதுமக்களுக்காக உருவானவை. கதிரைப் பரிசோதனையில் சிறப்பாகத் தேறும் படைவீரர், கவச அங்கியோடு லொறியின் பின்பக்கத்திலிருந்து குதிக்கும்போது துடித்துப்போகலாம். ஏழு அசைவுகளுக்கு 21 புள்ளி வழங்கும் ஓர் அளவீடு படைகளில் பிரபலமானது. 14 அல்லது அதற்குக் கீழ் வந்தால் காயம் வரும் என்றார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள், அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று காட்டின. ஆகவே உங்கள் இயன்மருத்துவரிடம் உங்கள் வேலையை விவரமாகச் சொல்லுங்கள்: ஒரே இருப்பில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், சாரதி ஆசனத்துக்கு ஏறும் படி எவ்வளவு உயரம், சில்லு மாற்றும்போது எதைத் தூக்குகிறீர்கள். அவற்றில் மிகக் கடினமான மூன்றைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் (செய்யவே முடியாது) முதல் பத்து (முன்புபோல் செய்ய முடியும்) வரை நீங்களே புள்ளி போடுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள அளவுகோல் இல்லை.

வலி பற்றிய வினாத்தாள் தந்தால் அதைத் தமிழிலேயே நிரப்பக் கேளுங்கள். உங்களுக்குச் சிங்களம் சரளமாக வரலாம், ஆனால் உளைவு வேறு, குத்து வேறு, விறைப்பு வேறு. மொழி மாறும்போது அந்த நுணுக்கம் நழுவிவிடுகிறது. நாரி என்பவரும் இடுப்பு என்பவரும் முதுகு என்பவரும் ஒரே இடத்தையா சொல்கிறார்கள் என்பது தொட்டுக் காட்டினால்தான் எனக்கும் தெரியும்.

பிறப்புறுப்பையோ மலவாசலையோ சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ, கால்கள் திடீரெனப் பலமிழந்தாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த மணி நேரத்திலேயே, தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் அதுவரை சும்மா கிடக்கவும் வேண்டாம். மாலையில் காலிமுகத்திடலில் ஆறு நிமிடம் உங்கள் வேகத்தில் நடந்து, எவ்வளவு தூரம் என்று குறித்து வையுங்கள். மறுநாள் காலை வலி எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்; நடந்ததன் பலன் பாதி அப்போதுதான் தெரியும். அந்தக் கொப்பியையும், நீங்கள் கடமையில் அணியும் பூட்ஸையும் பரிசோதனைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.