அவசர அழைப்பு எடுப்பவர்களின் மன அழுத்தத்தை எப்படி அளப்பது?

கேள்வி: ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். குழுவில் 36 பேர். இரவு ஷிப்டில் லீவு கூடிக்கொண்டே போகிறது. யாரைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல சார்" என்கிறார்கள். இவர்களின் மன அழுத்தத்தை அளக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் லீவுக்குக் கையெழுத்துப் போடும் நீங்களே கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். வெளியிலிருந்து ஓர் உளவியலாளர் கேட்கட்டும். கேள்வித்தாளில் பெயர் வேண்டாம். 36 பேரிடம் வயது, பாலினம், ஊர் எல்லாம் கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஷிப்ட் மட்டும் போதும்.

1983-ல் உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் வெளியிட்ட 'பெர்சீவ்டு ஸ்ட்ரெஸ் ஸ்கேல்' (ஒருவர் தானே உணரும் மன அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாள்) நல்ல தொடக்கம். அதன் 10 கேள்வி வடிவம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. 4, 5, 7, 8 ஆகிய கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் (0-ஐ 4 ஆக, 1-ஐ 3 ஆக) கூட்ட வேண்டும்; இதை மறந்தால் கணக்கே கோணலாகிவிடும். இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று இதை வைத்துச் சொல்லவும் முடியாது. இரவு ஷிப்டையும் பகல் ஷிப்டையும் ஒப்பிடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

சரி, அழுத்தம் வீட்டிலிருந்து வருகிறதா, வேலையிலிருந்தா? இந்த அளவுகோல் அதைச் சொல்லாது. வேலைப்பளு அதிகமாகவும் அதன்மேல் நம் கட்டுப்பாடு குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் ஏறும் என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் எழுதினார். உங்கள் ஆட்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்: அடுத்த போன் மணியைத் தள்ளிப்போட முடியாது, அழைப்பவரிடம் கேட்கும் கேள்விகளின் வரிசையையும் மாற்ற முடியாது. அதனால் வேலையைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது. குழந்தை மூச்சு விடவில்லை என்று ஒரு தாய் கதறுகிறார். இங்கே ஒருவர் நெஞ்சை அழுத்தச் சொல்லி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொடுக்கிறார். ஆம்புலன்ஸ் வந்ததும் லைன் கட். அடுத்த நொடி வேறு மணி. குழந்தை பிழைத்ததா? கடைசிவரை தெரியாது. பொதுவான கேள்வித்தாள்கள் இதைத் தொடாது. "முடிவு தெரியாமல் மனதில் நின்றுபோன அழைப்பு இந்த மாதம் எத்தனை?" என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனுக்கான பரிசோதனை வேண்டாம். இரவு வேலையே அதன் நாளாந்த ஏற்ற இறக்கத்தைக் குலைத்துவிடும். அதைவிட, தொடர்ந்து எத்தனை இரவு, எடுக்காமல் போன இடைவேளை எத்தனை என்று உங்கள் ரோஸ்டரைப் பாருங்கள்.

பெயர் இல்லாததால், யார் உடைந்திருக்கிறார் என்று பிறகு தேட முடியாது. ஆகவே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐக் கேள்வித்தாளிலேயே அச்சடித்துவிடுங்கள். அப்புறம், முடிவுகளை முதலில் அந்த 36 பேருக்கே காட்டுங்கள்.