யூதச் சட்டத்தில் ஒரு ரப்பி முன்னோர் தீர்ப்பை மீறலாமா?

கேள்வி இதுதான்: யூத மத குருமாரான ரப்பிகள் பழைய தீர்ப்புகளை அப்படியே ஒப்பிக்கிறார்களா, சொந்த அறிவுக்கும் இடம் உண்டா?

நான் யூதன் அல்ல; ஆர்வத்தில் படிப்பவன். பழைய ஏட்டைப் புரட்டிப் பதில் சொல்லும் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரோஷ் என்று அழைக்கப்படும் ரப்பி ஆஷெர் பென் யெஹியேல் அந்த நினைப்பைக் கலைத்தார். ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினின் டொலேடோவுக்குக் குடிபெயர்ந்து, 1327இல் இறந்தவர். யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முத்தில் முடிவானதில் கை வைக்கக்கூடாது, ஆனால் அதற்குப் பிறகு வந்தவர் எவ்வளவு பெரியவரானாலும், ஆதாரம் இருந்தால் மறுக்கலாம் என்பது அவர் கட்சி.

வேடிக்கை அப்புறம்தான். இன்றைய இஸ்ரேலின் சஃபேத் நகரில் வாழ்ந்த ரப்பி யோசெஃப் காரோ, மலைபோன்ற அறிஞர்களுக்கு நடுவே தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று தயங்கி, ஒரு வழி கண்டார். தனக்கு முந்தைய சட்ட அறிஞர்களான அல்ஃபாசி, மைமோனிடஸ், ரோஷ் மூவரில் இருவர் ஒத்துப்போனால் பெரும்பாலும் அதுவே சட்டம். தால்முத்துக்குப் பிறகு வந்த யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்றவரே கட்டுப்படுத்தும் மூவரில் ஒருவராகிவிட்டார்! காரோவின் சட்டத் தொகுப்பான சுல்கான் அரூக் 1565இல் வெனிஸில் அச்சானது. போலந்தின் ரப்பி சொலமோன் லூரியாவுக்கு இந்த வழியே பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தால்முத்திலிருந்தே அலசினார்.

சரி, நடைமுறையில்? எனக்குப் பிடித்த உதாரணம் பால். யூதர் பார்க்காமல் பிறர் கறந்த பாலைக் குடிக்கக்கூடாது என்பது தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா நூலின் காலத்து விதி. விலக்கப்பட்ட மிருகத்தின் பால் கலந்துவிடுமோ என்ற பயம். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கடைப் பாலைக் குடிக்கலாமா என்று ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைனிடம் கேட்டார்கள். விதி காலாவதி ஆகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அரசு சோதனை இருக்கிறது, கலப்படம் செய்தால் அபராதம், கடையை மூடிவிடுவார்கள். அப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது கண்ணால் பார்ப்பதற்குச் சமம் என்றார். விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பால் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. முன்னோர் சொல்லும் சொந்த அறிவும் ஒரே தீர்ப்பில் வேலை செய்வதை நான் இதில்தான் தெளிவாகப் பார்த்தேன். சில ரப்பிகள் இதை ஏற்கவில்லை. ஃபைன்ஸ்டைனும், பக்தியில் கூடுதல் கவனம் உள்ளவர்கள் பழையபடியே இருப்பது நல்லது, தானும் அப்படித்தான் என்று அதே பதிலில் எழுதியிருக்கிறார்.